மூன்று வாரத்தில் என்ன ஊழியம் செய்துவிட முடியும்?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் கல்லூரி மூன்றாம் ஆண்டு மாணவி. எங்கள் மாணவர் ஐக்கியத்திலிருந்து 12 பேர் கொண்ட குழு வருகிற விடுமுறையில் மூன்று வாரம் வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகிறது. நானும் தேர்வாகியிருக்கிறேன். முதல் வாரம் ஒரு சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் ஒரு சபைக்கு வகுப்பறை கட்ட உதவி. கடைசி வாரம் கிராமங்களில் மருத்துவ முகாம். செலவுக்கான பணத்தை நாங்களே ஆதரவாளர்களிடம் திரட்ட வேண்டும். அப்பா அம்மாவுக்குத் துளியும் சம்மதமில்லை. என் அறைத்தோழியோ, "இது ஊழியமா, சுற்றுலாவா? மூன்று வாரத்தில் என்ன கிழித்துவிடப் போகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டாள். கோபமாகப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் ஆசையில் பாதி விமானம் ஏறும் ஆசைதானோ என்று எனக்கே சந்தேகம். போகலாமா? போனால் எப்படிப் போவது? அங்கே இருப்பவர்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு போவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தோழிக்கு ஒரு மன்னிப்பும் ஒரு நன்றியும் பாக்கி வைத்திருக்கிறீர்கள். அவள் கேட்ட கேள்வியை உங்கள் குழுவுக்குள்ளேயே யாராவது கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்காததால் வெளியே இருந்த அவள் கேட்டாள்.

விமானம் ஏறும் ஆசையைப் பற்றி ரொம்பக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மாணவர் குழுக்களை அனுப்புவதற்கு முன் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். கலப்படமே இல்லாத நோக்கத்தோடு கிளம்பிய ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஊர் பார்க்கும் ஆசை, நண்பர்களோடு இருக்கும் ஆசை, திரும்பி வந்து சபையில் சாட்சி சொல்லும்போது எல்லோரும் பார்ப்பார்களே என்ற ஆசை, இவையெல்லாம் ஊழிய பாரத்தோடு சேர்ந்தேதான் பெட்டிக்குள் போகும். அப்படி ஒரு ஆசை இருக்கிறது என்று தெரிந்து போகிறவர்களால் பெரிய சேதம் வருவதில்லை. இல்லவே இல்லை என்று சாதிக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் பயம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். போங்கள். ஆனால் இப்போது கையில் இருக்கும் இந்த நிகழ்ச்சி நிரலோடு அப்படியே போகாதீர்கள்.

மாணவர் ஊழியத்தின் கதை பழையது. 1806இல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வெளியில் ஜெபிக்கக் கூடியபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு வைக்கோல் போரின் மறைவில் ஒதுங்கி ஜெபித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு மிஷனரிகள் கிளம்பியதற்கு அந்த மழைநாளைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். 1886இல் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் டி. எல். மூடி என்ற பிரசங்கியார் நடத்திய மாணவர் முகாமில் 100 பேர் அயல்நாட்டு ஊழியத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். இவர்கள் எல்லோரும் பேசியது ஆயுளைப் பற்றி. மொழி கற்று, அங்கேயே வாழ்ந்து, பலர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள். விடுமுறையில் போய் வருகிற பழக்கம் பின்னால் வந்தது. 1957இல் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, பழைய லாரி ஒன்றில் புத்தகங்களை ஏற்றி மெக்சிகோ போனார். ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற மிஷன் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. 1960இல் லோரன் கன்னிங்ஹாம் யூத் வித் எ மிஷன் அமைப்பைத் தொடங்கினார். விமானப் பயணம் எளிதாக எளிதாக, ஒரு கோடை முழுக்க என்பது மூன்று வாரமாகவும் பத்து நாளாகவும் சுருங்கிவிட்டது.

ஆயுள் முழுக்க இருந்தவர்கள் செய்ததை மூன்று வாரக்காரர்களால் செய்ய முடியாது. அது குற்றமில்லை. செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டு போவதில்தான் வம்பு. நீங்கள் அங்கே விருந்தாளி. விருந்தாளிக்குச் செய்யத்தக்க நல்ல காரியங்கள் நிறைய உண்டு, ஆனால் வீட்டுக்காரர் வேலையை எடுத்துக்கொள்வது அதில் வராது.

அதனால் உங்கள் பொறுப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்களை வரச் சொன்னது யார்?" என்பதுதான். அங்குள்ள சபை கேட்டதா, இல்லை நாம் தேதியை முடிவு செய்துவிட்டு ஒத்துக்கொள்ளும் சபையைத் தேடினோமா? அந்த ஆண்டுக்கான அவர்களுடைய திட்டத்தில் நம் மூன்று வாரம் எங்கே பொருந்துகிறது? இதற்கு ஒரு போதகர் பெயரும் ஒரு தெளிவான காரணமும் பதிலாக வந்தால் நல்லது. "அங்கே தேவை ரொம்ப அதிகம்மா" என்று மட்டும் பதில் வந்தால் இன்னும் கேளுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உங்கள் வயதில் போன என் முதல் பயணத்தில், பத்து நாளில் ஒரு சபைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிக் கொடுப்பதாகத் திட்டம். எங்களில் ஒருவருக்கும் கரணை பிடித்துப் பழக்கமில்லை. பக்கத்து மரத்தடியில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தினமும் எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்துக் கையாட்டுவோம், அவரும் சிரிப்பார். மூன்றாம் நாள் எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து, நாங்கள் எழுப்பிய சுவரின் மேல்விளிம்பிலிருந்து தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றபோது சுவரின் அடியிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மரத்தடிக்கே போய்விட்டார்.

அவர் அந்த ஊர்க் கொத்தனார் என்பதும், இரண்டு மாதமாகக் கையில் வேலை இல்லாதவர் என்பதும் நாங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள்தான் தெரிந்தது. நாங்கள் மதியம் சாப்பிடப் போகிற நேரத்தில் கோணலாகிப்போன வரிகளைப் பிரித்து அவர்தான் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாராம். போதகர் கேட்டுக்கொண்டதற்காக, கூலி இல்லாமல். எங்கள் 14 பேரின் பயணச் செலவில் ஒரு துளி போதும், அவரைக் கூலிக்கு வைத்து அந்தச் சுவரை நேராகக் கட்டியிருக்கலாம். ஊருக்குத் திரும்பி, சுவர் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைச் சபையில் காட்டினோம். எல்லோரும் கை தட்டினார்கள்.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று தள்ளிவிட முடியாது. 1998இல் மிட்ச் புயல் மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்ட பிறகு, வீடு கட்டிக் கொடுக்க வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாகப் போனார்கள். அந்த நாட்டிலேயே வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியல் பேராசிரியர் வீடு பெற்றவர்களையும் கட்டப் போனவர்களையும் விசாரித்து 2006இல் ஆய்வை வெளியிட்டார். ஒரு குழு வந்து ஒரு வீட்டைக் கட்டிவிட்டுப் போக ஏறக்குறைய 30,000 டாலர் ஆனது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டை ஏறக்குறைய 2,000 டாலரில் கட்டியது. வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் உள்ளூரார் கட்டிய வீட்டில் குடியேறிய குடும்பத்துக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் அவருக்குத் தென்படவில்லை.

அப்படியென்றால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். சில பயணங்களுக்கு அதுதான் சரியான பதில் என்று நானும் சொல்வேன். ஆனால் மனிதர்கள் மனிதர்களைப் போய்ப் பார்ப்பதற்கு வேறு மதிப்பு உண்டு. அதைக் கட்டட வேலை என்று பெயர் மாற்றாமல் செய்தால் போதும். வகுப்பறை விஷயத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அங்குள்ள கொத்தனார் தலைமையில், அவருக்குக் கூலி கொடுத்து, நாம் சித்தாள் வேலை செய்யலாமா? செங்கல் சுமப்பதற்கும் மணல் சலிப்பதற்கும் பட்டப்படிப்பு தேவையில்லை. அவருக்குக் கீழே இரண்டு நாள் வேலை பார்த்தால் அந்த ஊரைப் பற்றி எந்தப் பயிற்சிக் கூட்டமும் சொல்லித் தராததைத் தெரிந்துகொள்வீர்கள்.

முதல் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். உங்கள் திட்டத்தில் என்னை உறுத்துவது அதுதான்.

என் மூன்றாவது பயணத்தில் நாங்களும் ஒரு சிறுவர் இல்லத்தில் தங்கினோம். ஐந்து வயதுப் பையன் ஒருவன், நான் உள்ளே நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். இரண்டாம் நாள் 'அம்மா' என்று கூப்பிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிளம்புகிற நாள் காலையில் என் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. எல்லோரும் தேடி, கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஈரத்தோடு கிடைத்தது. செருப்பு இல்லாமல் எப்படிப் போவாள் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். வண்டியில் ஏறி நான் அழுத அழுகையை அன்பு என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் கழித்து இன்னொரு குழு அங்கே வந்தது என்றும், அவன் அவர்களில் ஒருத்தியையும் முதல் நாளே அம்மா என்று கூப்பிட்டான் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

அறிமுகமில்லாத ஆள் மடியில் ஓடி வந்து ஏறுகிற பிள்ளையைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு குளிரும். ஆனால் பாதுகாப்பாக வளரும் ஐந்து வயதுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் முதலில் தன் வீட்டு ஆள் பின்னால் ஒளிந்துகொள்ளும். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்வது, ஒட்டிக்கொள்ள நிலையான ஆள் கிடைக்காததன் அடையாளமாக இருக்கலாம். மாதத்துக்கு ஒரு குழு வந்து கொஞ்சி, பிரிந்து, அழுதுவிட்டுப் போனால் அந்தப் புண் ஆறுவது எப்படி?

இன்னொன்றும் இருக்கிறது. உலகெங்கும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009இல் சொன்னது. பெரும்பாலும் அவர்களை இல்லத்துக்கு அனுப்பியது வறுமை. வெளிநாட்டார் வந்து பார்த்துப் பணம் கொடுக்கிற இடங்களில், பார்க்க வருகிறவர்களுக்காகவே பிள்ளைகளைச் சேர்த்து இல்லம் நடத்துகிறவர்களும் முளைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்துக்கான விவாதத்தில் இது பெரிதாகப் பேசப்பட்டது. 2019இல் ஐ.நா. பொதுச்சபை, பெற்றோர் பராமரிப்பில் இல்லாத பிள்ளைகளைப் பற்றி நிறைவேற்றிய தீர்மானத்தில் இப்படித் தொண்டுப் பயணம் போவதால் வரும் தீங்கையும் சேர்த்தது. நீங்கள் போகும் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள் நடத்தும் நல்ல இல்லமாகவே இருக்கலாம். நல்ல இல்லமாக இருந்தால், மூன்று வாரக் குழுவைப் பிள்ளைகளோடு நேரடியாக விட அவர்களே தயங்குவார்கள்.

அந்த வாரத்தை மாற்ற முடியுமா என்று பொறுப்பாளரிடம் பணிவாகக் கேளுங்கள். அந்த ஊரிலும் கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஐக்கியம் இருக்கும். உங்கள் வயதுக்காரர்களோடு ஒரு வாரம் வேதம் படித்து, அவர்கள் செய்யும் ஊழியத்தில் பின்னால் நின்று ஒத்தாசை செய்துவிட்டு வரலாம். மாணவர் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், இதை யாரும் முதலில் யோசிப்பதே இல்லை. ஒருவேளை மாற்றவே முடியாது என்றால், இல்லத்தில் எழுதி வைத்த பிள்ளைப் பாதுகாப்பு விதிகள் உண்டா, உங்கள் 12 பேரைப் பற்றியும் காவல்துறைச் சான்று கேட்டார்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், அந்த வாசலைத் தாண்ட வேண்டாம் என்பதே என் கருத்து. சமையலறையிலோ தோட்டத்திலோ ஊழியர்களுக்கு உதவுங்கள். பிள்ளைகளைத் தனியாக எங்கும் கூட்டிப் போகாதீர்கள், படம் எடுத்துப் போடாதீர்கள்.

மருத்துவ முகாமுக்கு ஒரே விதிதான். உங்கள் நாட்டில் சட்டப்படி செய்ய அனுமதி இல்லாத எதையும் அங்கே செய்யக்கூடாது. நீங்கள் மருத்துவமோ நர்சிங்கோ படிப்பதாக எழுதவில்லை. அப்படியென்றால் ஊசி, மாத்திரை பக்கம் போகாதீர்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவது, பெயர் எழுதுவது, வயதானவர்களை உட்கார வைப்பது, இதெல்லாம் முகாமில் உண்மையிலேயே ஆள் தேவைப்படுகிற வேலை. முகாமை நடத்துகிறவர்களிடம், உள்ளூர்ச் சுகாதார நிலையத்துக்குத் தெரியுமா என்று கேளுங்கள். இரத்த அழுத்தம் இருக்கிற ஒரு பாட்டிக்குப் பத்து நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நாம் வந்துவிட்டால், பதினோராவது நாள் அவர் யாரிடம் போவார்? வீட்டில் மிச்சமான மாத்திரைகளை அள்ளிக்கொண்டு போகிற வழக்கமும் வேண்டாம். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருடமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். அப்புறம், ஜெபத்தை மருந்துக்கு விலையாக வைக்காதீர்கள். காய்ச்சலில் நிற்பவரைப் பிரசங்கம் முடியும்வரை நிற்க வைத்த முகாம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இனி வீட்டு விஷயம். அப்பாவிடம் வசனம் காட்டி வாதாடாதீர்கள். "தேவன் என்னை அழைக்கிறார்" என்று நீங்கள் சொல்லிவிட்டால் அவர் உங்களோடு பேச வழியே இல்லாமல் போய்விடுகிறது, தேவனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அவருடைய பயம் என்னவென்று கேளுங்கள். அநேகமாக அது விசுவாசத்தைப் பற்றியதாக இருக்காது. எங்கே தூங்குவாய், கூட இருக்கும் பெரியவர் யார், இரவில் உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரி, பாதியில் திரும்ப வேண்டுமென்றால் டிக்கெட்டுக்கு யார் பொறுப்பு என்பதாகத்தான் இருக்கும். நியாயமான கேள்விகள். பதில்களை ஒரு தாளில் எழுதி, அங்குள்ள போதகரின் எண்ணோடு அவர் கையில் கொடுங்கள். முடிந்தால் பொறுப்பாளரையே வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்தத் தாளை உங்களால் நிரப்ப முடியவில்லை என்றால், அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தத் தாளில் விசா முதல் வரியாக இருக்கட்டும். எந்த வகை விசா, அதில் மதப் பணியோ தன்னார்வப் பணியோ அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்துவதைச் சாமர்த்தியமாக நினைக்கும் குழுக்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குடிவரவு அதிகாரியிடம் பொய் சொல்லித் தொடங்குகிற ஊழியம் என்ன ஊழியம்? சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். நேபாளத்தை எடுத்துக்கொண்டால், 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றுவதற்கு ஐந்து வருடம் வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தல். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது நாம் அல்ல. நாம் விமானம் ஏறிவிடுவோம். நாம் எடுத்துப் போட்ட படத்தில் பின்னால் நிற்கிற உள்ளூர் சகோதரர் அங்கேயே இருப்பார். அவருடைய முகத்தையும் ஊரையும் வெளியிடலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். அவர் யோசித்தாலே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலத்துக்குக் கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள், ஆறு வாரம் முன்பே பயண மருத்துவம் தெரிந்த டாக்டரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயமான நாடு என்றால், போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். மலேரியா மாத்திரையைத் திரும்பி வந்ததும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அட்டோவாக்வோன்-ப்ரோகுவானில் என்றால் வந்த பிறகும் ஏழு நாள், டாக்சிசைக்ளின் என்றால் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டுக்குப் போயிருந்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். காப்பீட்டில் அவசர மருத்துவ இடமாற்றம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கட்டும்.

பணம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பவுலே ரோமச் சபைக்கு எழுதும்போது தன் ஸ்பானியா (ஸ்பெயின்) பயணத்துக்கு அவர்கள் வழிவிட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்ப்பதை மறைக்கவில்லை. ஆனால் கடிதத்தில் உண்மையை எழுதுங்கள். "ஆத்துமாக்களை ஆதாயம் செய்யப் போகிறோம், தாங்குங்கள்" என்று எழுதினால் பணம் சீக்கிரம் சேரும், தெரியும். அதற்குப் பதிலாக, இத்தனை பேர் போகிறோம், விமானத்துக்கு இவ்வளவு, தங்க இவ்வளவு, அங்குள்ள சபைக்கு நேராகப் போவது இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். பெரும்பகுதி நாங்கள் கற்றுக்கொள்ளப் போகும் செலவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பயணம் ரத்தானால் பணம் என்னாகும், மிச்சமானால் எங்கே போகும் என்பதைப் பொறுப்பாளரிடம் முன்பே கேட்டு அதையும் சொல்லிவிடுங்கள். இவ்வளவு நேராக எழுதினால் சிலர் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பவர்கள் அடுத்த முறையும் கொடுப்பார்கள். உங்கள் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு போட்ட பிறகு கேட்கத் தொடங்குங்கள். கேட்கும்போது குரலே மாறும்.

அதே ரோமர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் எனக்குப் பிடித்த ஓர் இடம் இருக்கிறது. உங்களைக் கண்டு சில ஆவிக்குரிய வரங்களைக் கொடுக்க வேண்டும் என்று தொடங்குகிற பவுல், அடுத்த வரியிலேயே கொஞ்சம் தயங்கித் திருத்திக்கொள்கிறார்: அதாவது, உங்கள் விசுவாசத்தால் நானும் என் விசுவாசத்தால் நீங்களும் ஆறுதலடையும்படி என்று. கொடுக்கப் போகிறேன் என்று எழுத ஆரம்பித்து, பெறவும் போகிறேன் என்று பேனாவைத் திருப்பிய அந்த வரியை என் பயிற்சிக் கூட்டங்களில் மெதுவாக இரண்டு முறை வாசிக்கச் சொல்வேன். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் இயேசு எழுபது பேரை அனுப்பும்போதும் பையை நிரப்பிக்கொண்டு போகச் சொல்லவில்லை. ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடச் சொன்னார். பிறர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுவது ஊழியக்காரனுக்குப் பெரிய பயிற்சி.

மொழியையும் விட்டுவிடாதீர்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் பழகித்தான் தமிழ் கற்றார். பிரசங்கம் செய்ய வந்தவர் முதலில் அரிச்சுவடி வகுப்பில் உட்கார்ந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிய 1715 ஆயிற்று. உங்களுக்கு அத்தனை வருடம் இல்லை. இப்போதிலிருந்து தினம் ஒரு வாக்கியம் கற்றால் கிளம்புவதற்குள் ஐம்பது அறுபது சேர்ந்துவிடும். அதில் வணக்கம், நன்றிக்கு முன்னால் "மன்னித்துக்கொள்ளுங்கள்", "எனக்குச் சொல்லித் தருகிறீர்களா?" என்ற இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பாளர் மூலம் அரை மணி நேரம் சாட்சி சொல்வதைவிட, தப்பும் தவறுமாக நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்கு அந்த வீட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே திருத்தம் சொல்வார்கள் பாருங்கள், அந்த நிமிடத்தில்தான் பழக்கமே ஆரம்பிக்கும்.

திரும்பி வந்த பிறகு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. கிளம்புமுன் யாரும் கேட்பதில்லை. நான் மேலே சொன்ன ஹோண்டுராஸ் ஆய்வில் இன்னொரு பாதியும் உண்டு. போய் வந்தவர்களிடம் கேட்டால், இனி அதிகம் ஜெபிக்கிறோம், அதிகம் கொடுக்கிறோம் என்றார்கள். காணிக்கைக் கணக்கைப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. வளைத்துவிட்ட கன்றைக் கட்டி வைக்காவிட்டால் பழையபடி நிமிர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். வெர் பீக்கும் இந்த உவமையைத்தான் சொல்கிறார். அதனால் திரும்பிய பிறகு மாதம் ஒருமுறை என்று ஆறு மாதமாவது சந்திக்க உங்கள் 12 பேரும் தேதி குறித்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே பழகிய இரண்டு பேரோடாவது கடிதத் தொடர்பு வையுங்கள், பதினைந்து பேருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். சபையில் சாட்சி சொல்லும்போது, அங்கே பார்த்த ஏழ்மையை விவரிப்பதற்கு முன்னால் அங்கே யாரிடம் என்ன கற்றீர்கள் என்று பெயர் சொல்லித் தொடங்குங்கள், அவர் சம்மதத்தோடு. உங்கள் அறைத்தோழியையும் அன்று கூப்பிடுங்கள். அவள் முன்னால் சொல்லக் கூசுகிற எதையும் சபையிலும் சொல்லாதீர்கள்.

கடைசியாக, என்ன வாங்கிக்கொண்டு போவது என்று கேட்டிருந்தீர்கள். தெருவில் நின்று மிட்டாயும் பேனாவும் வீசுகிற வேலை வேண்டவே வேண்டாம். பிள்ளைகளுக்குக் கையேந்தக் கற்றுக் கொடுத்துவிட்டு வருவோம். சபைக்கு ஏதாவது வேண்டுமா என்று போதகரிடம் கேட்டு, அவர் சொன்னால் மட்டும், அவர் கையிலேயே கொடுங்கள். தங்குகிற வீட்டுக்கு, உங்கள் குடும்பப் படம் ஒன்றை அச்சிட்டு எடுத்துப் போங்கள், கைப்பேசியில் காட்டுவது போதாது. முதல் நாள் இரவு மொழி தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் படத்தை வாங்கி, இது யார், அது யார் என்று விரல் வைத்துக் கேட்பார்கள். அம்மா அப்பா இரண்டு பேரும் இருக்கிற படமாக எடுத்துப் போங்கள். அதை எடுப்பதற்கு நீங்கள் எப்படியும் அவர்களோடு உட்கார்ந்து பேசித்தானே ஆக வேண்டும்.

அன்புடன்,
அக்கா